கல் போயிற்று, நாள் நின்றது

நவம்பர் மாதம் 2-ஆம் தேதி சாயங்காலம் புதுச்சேரியில் இருக்கும்படி நேர்ந்தால், அங்குள்ள கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு நடை போய்விட்டு வரும்படி வாசகர்களுக்குச் சிபாரிசு செய்வேன். கிறிஸ்தவராய் இருக்க வேண்டியதில்லை. மனிதராய் இருந்தால் போதும். அன்றைக்குத்தான் கல்லறைத் திருநாள். ஒரு வாரத்துக்கு முன்பே புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருப்பார்கள். வாசலில் சாமந்திப் பூவும் மெழுகுவத்தியும் மலைமலையாய்க் குவிந்திருக்கும். இருட்டியதும் பார்த்தால், செத்தவர்களின் ஊர் முழுவதும் விளக்கேற்றி விழித்துக் கொண்டிருப்பது போலத் தோன்றும்.

அங்கே ஒரு கிழவியைப் பார்த்தேன். தன் வீட்டுக் கல்லறைகளுக்கு ஏற்றியது போக மிச்சம் ஒரு மெழுகுவத்தி அவள் கையில் இருந்தது. அதைப் பக்கத்தில் பெயரெல்லாம் அழிந்து, பாசி படர்ந்து கிடந்த ஒரு கல்லின் மேல் ஏற்றி வைத்தாள்.

"அது யாருக்குப் பாட்டி?" என்று கேட்டேன்.

"யாரோ, தெரியாதுப்பா. வந்து கேக்க ஆளில்லாமக் கிடக்கே, அதான்" என்றாள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால், பிரான்சு தேசத்தில் பர்கண்டி என்னும் சீமையில் ஒரு மடாதிபதி நினைத்ததும் ஏறக்குறைய இதுதான். அவருடைய மடம் இடிந்து, அதன் கல்லையெல்லாம் விற்றுத் தீர்த்தாகிவிட்டது. அவர் குறித்துக் கொடுத்த நாள் மட்டும் கடல் கடந்து வந்து, இந்தக் கிழவியின் கையில் ஒரு மெழுகுவத்தியாய் எரிந்து கொண்டிருக்கிறது. அந்த மடத்தின் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

மடம் இருந்த ஊரின் பெயர் குளூனி. புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதிய பெயர் அல்ல. குளூனி ஆஸ்பத்திரி என்றும், குளூனி கன்னிகாஸ்திரீகளின் தையல் வேலை என்றும் கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். ஆனால் ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். 1827-ல் புதுச்சேரிக்கு வந்து இறங்கிய அந்தக் கன்னிகாஸ்திரீகள், ஆன்-மரி ழவுஹே என்னும் அம்மையார் ஸ்தாபித்த சபையைச் சேர்ந்தவர்கள். அந்த அம்மையார் 1812-ல் குளூனி ஊரில் ஒரு வீடு வாங்கிச் சபையை அங்கே குடியேற்றினார்; அதனால் ஊர்ப் பெயர் சபையோடு ஒட்டிக் கொண்டது. அவர் வீடு வாங்கிய சமயத்தில், அதே ஊரில் பழைய மடாலயத்தின் கோயிலை இடித்து வண்டி வண்டியாய்க் கல் ஏற்றிக் கொண்டிருந்தார்கள். ஊரின் பெயர் புதுச்சேரிக்கு வந்தது. மடம் வருவதற்கு மடமே இல்லை.

அது தொடங்கிய விதத்தைப் பார்ப்போம். 910-ஆம் ஆண்டையொட்டி, அக்கிட்டேன் தேசத்துப் பிரபு வில்லியம் என்பவர் ஒரு மடம் கட்டி வைக்க விரும்பினார். பெர்னோ என்ற துறவியை அழைத்து, "என் நிலத்தில் எந்த இடம் வேண்டுமோ கேளும்" என்றார். பெர்னோ குளூனியைக் கேட்டார். பிரபுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவர் வேட்டை நாய்களை வைத்திருந்த இடம். நாய்களை விரட்டிவிட்டுத் துறவிகளை அங்கே வையும். நாயினால் கிடைக்கும் புண்ணியம் பெரிதா, துறவியினால் கிடைக்கும் புண்ணியம் பெரிதா என்று நீரே யோசித்துக் கொள்ளும் என்ற கருத்தில் பெர்னோ பதில் சொன்னாராம். கர்ண பரம்பரைக் கதைதான். ஆனால் பிரபு நிலத்தைக் கொடுத்தது உண்மை. எழுதிக் கொடுத்த சாசனமும் உண்மை.

அந்தச் சாசனத்தைப் படித்தால் நம் ஊர்ச் செப்பேடு ஒன்றைப் படிப்பது போலவே இருக்கும். வயல், திராட்சைத் தோட்டம், புல்வெளி, காடு, நீர், நீர் போகும் வழி, மாவு ஆலை, விளைந்த நிலம், விளையாத நிலம் எல்லாவற்றையும் வரிசையாய்ச் சொல்லிக் கொடுக்கிறது. அந்த வரிசையில், நிலத்தோடு கட்டுண்ட அடிமைக் குடிகளும் ஆண் பெண் இருபாலாரும் சேர்ந்தே வருகிறார்கள். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் இதன் கணக்கு வருகிறது.

கடைசியில், வழக்கம் போல, தருமத்துக்குக் கேடு செய்பவனுக்குச் சாபம். நம் கல்வெட்டுக்களில் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் வரும். அங்கே யூதாஸின் கூட்டாளியாவான் என்றும், பூமி பிளந்து விழுங்கியவர்களின் கதியை அடைவான் என்றும் வருகிறது. சாபம் போதாதென்று நூறு ராத்தல் தங்கம் அபராதமும் உண்டு. ஆனால் சாசனத்தின் உயிர்நாடி வேறு இடத்தில் இருந்தது. இந்த மடம் எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்பட்டதல்ல, கொடுத்த பிரபுவின் வம்சத்துக்கும் கட்டுப்பட்டதல்ல என்று எழுதியிருந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை ரோமாபுரி ஆலயத்து விளக்குக்குப் பத்துக் காசு செலுத்தினால் போதும். தானம் கொடுத்தவன் கையை எடுத்துக் கொண்டது அந்தக் காலத்தில் அபூர்வம். அந்தச் சுதந்தரத்தினால்தான் குளூனி வளர்ந்தது.

நீண்ட ஆயுள் படைத்த மடாதிபதிகளும் அதற்கு வாய்த்தார்கள். ஒதிலோ 994 முதல் 1049 வரை. அவருக்குப் பின் ஹியூகோ 1049 முதல் 1109 வரை. இரண்டே பேர், நூற்றுப் பதினைந்து ஆண்டு! வெளியே அரசர்கள் மாறி மாறி வந்து போக, உள்ளே ஒரே கை சுக்கான் பிடித்திருந்தது. நூற்றுக்கணக்கான கிளை மடங்கள் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் இங்கிலாந்திலும் குளூனிக்குக் கீழ்ப்பட்டு நின்றன.

அந்த ஒதிலோதான் நம் கிழவியின் மடாதிபதி. தம்முடைய மடங்கள் எல்லாவற்றிலும், சகல அர்ச்சியசிஷ்டர் திருநாளுக்கு மறுநாளான நவம்பர் 2-ஆம் தேதியன்று, இறந்துபோன எல்லோருக்காகவும் வேண்டிக் கொள்ள வேண்டும் என்று அவர் கட்டளையிட்டார். பணம் கொடுத்தவனுக்காக வேண்டுவது எல்லா மடத்திலும் நடந்ததுதான். கொடுக்காதவனுக்காகவும், பெயர் தெரியாதவனுக்காகவும் ஒரு நாள் என்பதில்தான் விசேஷம் இருக்கிறது. குளூனி மடங்களில் தொடங்கிய வழக்கம் கத்தோலிக்க உலகம் முழுவதும் பரவிவிட்டது.

இறந்தவர்களை நினைப்பது குளூனியில் வெறும் ஜபத்தோடு நிற்கவில்லை. சோற்றுக் கணக்கிலும் ஏறியது. ஒரு துறவி இறந்தால் அவருடைய உணவை முப்பது நாள் ஓர் ஏழைக்குக் கொடுப்பார்கள். பிறகு ஆண்டுதோறும் அவர் இறந்த நாளில் ஓர் ஏழைக்குச் சாப்பாடு. அழகான ஏற்பாடு அல்லவா? ஆனால் ஆண்டு செல்லச் செல்ல இறந்தவர் பட்டியல் நீளுமே தவிரக் குறையாதே! பன்னிரண்டாம் நூற்றாண்டில், வணக்கத்துக்குரிய பேதுரு என்று பெயர் பெற்ற மடாதிபதி கணக்குப் பார்த்தபோது, செத்தவர்கள் உயிரோடிருப்பவர்களை மடத்தை விட்டே துரத்திவிடுவார்கள் போலிருந்தது. ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்கு மேல் இல்லை என்று அவர் வரம்பு கட்ட வேண்டி வந்தது.

இதற்கு நடுவில் மற்றொரு செலவு வந்து சேர்ந்தது. அதுதான் பெரிய கோயில். 1088-ல் ஹியூகோ அடிக்கல் நாட்டினார். 1095-ல் போப்பாண்டவர் இரண்டாம் உர்பன் நேரில் வந்து பீடத்தை அபிஷேகம் செய்தார். அவரே குளூனித் துறவியாய் இருந்தவர். அங்கிருந்து கிளெர்மோன் நகருக்குப் போய்த்தான் முதல் சிலுவைப் போருக்கு அறைகூவினார். கோயிலின் பிரதிஷ்டை 1130-ல் நடந்தது. முடிந்தபோது நீளம் 187 மீட்டர், அதாவது ஏறக்குறைய 613 அடி. நடுக்கூடத்தின் வளைவு சுமார் 30 மீட்டர் உயரம். ரோமாபுரியில் புதிய பேதுரு கோயில் எழும்பும் வரையில் கிறிஸ்தவ உலகில் இதை விடப் பெரிய கோயில் கிடையாது.

பணம் எங்கிருந்து வந்தது? பெரும் பகுதி ஸ்பெயின் தங்கம். லெயோன் நாட்டு மன்னன் பெர்னாண்டோ ஆண்டுக்கு ஆயிரம் பொற்காசு கொடுத்து வந்தான். அவன் மகன் ஆறாம் அல்பொன்சோ அதை இரண்டாயிரமாக்கினான். அந்தப் பொன் அவர்கள் சொந்தப் பொன்னும் அல்ல. ஸ்பெயினில் இருந்த முஸ்லிம் சிற்றரசர்களிடம் கப்பமாய் வாங்கியது. ஆக, உலகின் மிகப் பெரிய கிறிஸ்தவக் கோயிலில் பாதிக்கல் முஸ்லிம்களின் காசு என்று சொன்னாலும் பெரிய பிசகில்லை. பின்னால் ஸ்பெயினில் போர் திரும்பியது, பொன் நின்றது, கோயில் நிற்கவில்லை. பேதுரு மடாதிபதியானபோது கஜானாவில் கடன்தான் இருந்தது. எந்தப் பண்ணை எந்த மாதத்துக்குக் கோதுமை அனுப்ப வேண்டும், எது திராட்சை ரசம் அனுப்ப வேண்டும் என்று அவர் உட்கார்ந்து திட்டம் போட்டார். முந்நூறு பேர் வரை சாப்பிடுகிற மடம் அல்லவா?

இந்தப் பேதுரு ஒரு பெரிய மனிதர். எல்லோரும் துரத்தியடித்த தத்துவ ஞானி அபெலார்டுக்கு 1140-ல் அடைக்கலம் கொடுத்தவர் அவர். திருக்குர்ஆனை முதல் முதலாக லத்தீனில் மொழிபெயர்க்க ஏற்பாடு செய்தவரும் அவரே. அந்த மொழிபெயர்ப்பு 1143-ல் முடிந்தது. வாதாடுவதற்காகத்தான் படிக்க விரும்பினார் என்பது வாஸ்தவம். ஆயினும், படிக்காமல் வாதாடுகிறவர்கள் மலிந்த உலகத்தில் அதுவே பெரிய குணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே காலத்தில் வேறொரு துறவிக் கூட்டத்தைச் சேர்ந்த பெர்னார்டு, இத்தனை உயரமும் நீளமும் எதற்கு, சுவருக்குப் பொன் பூசுகிறீர்கள், ஏழைக்குத் துணி இல்லையே என்று சாடினார். குளூனியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெர்னார்டு பக்கம் சேருவது வழக்கம். எனக்கு மனம் இரண்டாகத்தான் இருக்கிறது. ஏழைக்குச் சோறு போட்ட மடமும் அதுதான். அந்தச் சோற்றை விளைவித்த அடிமைக் குடிகளைச் சாசனத்தில் வயலோடும் காட்டோடும் வரிசைப்படுத்தி வாங்கிக் கொண்ட மடமும் அதுதான்.

பிறகு வந்த கதை நீண்டது; சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பதினாறாம் நூற்றாண்டிலிருந்து மடாதிபதி பதவி அரசன் தன் வேண்டியவர்களுக்குக் கொடுக்கும் வெகுமதியாயிற்று. ரிஷிலியு, மசாரின் முதலிய மந்திரிகள் எல்லாம் குளூனி மடாதிபதிகள்! அவர்கள் அரண்மனையில் இருந்தார்கள். வருமானம் அவர்களிடம் போயிற்று. ஜபம் மட்டும் குளூனியில் நடந்தது. 1562-ல் மதப் போரில் மடம் கொள்ளை போயிற்று. எந்தப் பிரபுவும் தலையிடக் கூடாது என்ற பழைய சாசனத்தின் சுதந்தரம் அப்போதே செத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். கட்டடம் சாவதற்கு இன்னும் நாள் இருந்தது.

1789-ஆம் ஆண்டு வந்தது. "பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் வெறி பிடித்துக் குளூனியை இடித்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். நடந்தது அதுவல்ல.

அந்த ஆண்டு ஜூலை மாதக் கடைசியில், சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் மாளிகைகளுக்குத் தீ வைத்துக் கொண்டு குளூனியை நோக்கித் திரண்டு வந்தார்கள். எண்ணூற்றைம்பது ஆண்டுக்கு மேலான பாக்கியை வசூல் செய்ய வந்தவர்கள் என்று வைத்துக் கொள்ளலாம். அவர்களை எதிர்த்து நின்று விரட்டியவர்கள் யார்? குளூனி ஊர்க்காரர்கள். பிடிபட்ட குடியானவர்கள் பலர் தூக்கில் தொங்கினார்கள். கோயில் பிழைத்தது.

பாரீஸ் நகரில் கூடியிருந்த சபையிலோ வேறு வழியில் காரியம் நடந்தது. தேசத்துக்குக் கடன் தலைக்கு மேல் போய்விட்டது. திருச்சபையின் சொத்தைத் தேசம் எடுத்துக் கொள்ளலாம் என்று பிரேரணை கொண்டு வந்தவர் தலேராண். பர்கண்டியிலேயே உள்ள ஓத்தூன் நகரத்து மேற்றிராணியார்! ஓட்டெடுத்தார்கள். 568 பேர் சம்மதம், 346 பேர் மறுப்பு. அது நடந்த தேதியை வாசகர்கள் கவனிக்க வேண்டும்: 1789 நவம்பர் 2. ஒதிலோ இறந்தவர்களுக்காகக் குறித்த அதே நாள். தேதியை யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. ஆனால் நாவல் எழுதுகிற ஒருவன் இப்படி ஒரு பொருத்தத்தைக் கதையில் வைத்தால், "நம்பும்படி இல்லையே" என்று வாசகர்களே கடிதம் எழுதுவார்கள்.

அடுத்த ஆண்டு துறவி மடங்களைக் கலைத்தார்கள். 1791-ல் பெரிய கோயிலில் கடைசிப் பூசை நடந்தது. 1793-ல் சிலைகளும் சமாதிகளும் உடைபட்டன. அது வெறிதான்; மறுக்கவில்லை. ஆனால் வெறி உடைத்தது முகத்தையும் மூக்கையும். சுவர் அப்படியே நின்றது. 187 மீட்டர் கோயிலை இடிக்க வெறி போதாது. அதற்குப் பொறுமை வேண்டும்; வரவு செலவுக் கணக்கு வேண்டும்.

1798-ல் அந்தக் கணக்குக்காரர்கள் வந்தார்கள். அருகிலுள்ள மாக்கோன் நகரத்து வியாபாரிகள் தேசிய சொத்தாகிய கோயிலை ஏலத்தில் எடுத்தார்கள். நடுக்கூடத்தின் ஊடே ஒரு தெருவை வெட்டினார்கள். வண்டி வந்து கல் ஏற்ற வேண்டுமே! கோபுரங்களைச் சுரங்கம் வைத்துத் தகர்த்தார்கள். கல் விற்கப்பட்டது, வாங்கியவர்கள் ஊராரும் பக்கத்து ஊராரும்தான். பத்து ஆண்டுக்கு முன்னால் தடியெடுத்துக் கோயிலைக் காத்தார்களே, அதே ஊர். நெப்போலியன் 1806-ல் அங்கே குதிரை வளர்க்கும் பண்ணை ஒன்றை ஏற்படுத்தினான். பீடம் இருந்த பக்கத்தில், பீடத்துக் கோயிலின் கல்லைக் கொண்டே லாயம் எழுந்தது. வேட்டை நாய்களை விரட்டிவிட்டுத் தொடங்கிய மடம், குதிரைகளுக்கு இடம் விட்டு முடிந்தது.

புரட்சி ஓய்ந்த பிறகும் இடிப்பு ஓயவில்லை. நெப்போலியன் வீழ்ந்தான், மன்னர்கள் திரும்பி வந்தார்கள், மதமும் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தது. குளூனியில் கடப்பாரைச் சத்தம் 1823 வரை கேட்டுக் கொண்டே இருந்தது. பழைய சின்னங்களைப் பாதுகாப்பதற்கென்று பிரெஞ்சு அரசாங்கம் ஓர் அதிகாரியை நியமித்தது 1830-ல். ஏழே ஆண்டு தாமதம்!

இதனால்தான், குளூனியை அழித்தது யார் என்று கேட்டால் புரட்சியைக் கை காட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆத்திரம் ஒரு நாளில் அடங்கிவிடும். "இதனால் இனி என்ன பிரயோசனம்?" என்ற கேள்வி அடங்குவதில்லை. கல்லைக் கல்லாக மட்டும் பார்க்கக் கற்றுக் கொண்டுவிட்ட ஊரில், எந்தக் கோயிலும் ஒரு கல்குவாரிதான். வீடு கட்டக் கல் வாங்கியவனைக் கொடியவன் என்று சொல்ல முடியுமா? அவன் பாட்டனுடைய பாட்டன் அந்த மடத்துக்குத் தானியம் அளந்தவன். தன் பங்கைத் திருப்பி எடுத்துக் கொண்டேன் என்று அவன் சொன்னால் எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் நஷ்டம் நஷ்டம்தான்.

இன்று அங்கே மிஞ்சியிருப்பது பெரிய கோயிலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கோயில் சிலுவை வடிவாய் இரு புறமும் கை நீட்டி நின்றதல்லவா? அந்தத் தென்கை நிற்கிறது. அதன் மேல் எட்டுப் பட்டைக் கோபுரம் ஒன்று 60 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. தீர்த்தக் கோபுரம் என்று அதற்குப் பெயர். உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். இந்தத் துண்டே இப்படி என்றால் முழுவதும் எப்படி இருந்திருக்கும் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கும். போட முடியாமல் திரும்பி வரும். பதினெட்டாம் நூற்றாண்டில் துறவிகள் கட்டிக் கொண்ட பெரிய விடுதிகளும் நிற்கின்றன. அவற்றில் பொறியியல் மாணவர்கள் படிக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியம். மாவு வைத்திருந்த கூடம். மேலே மரக்கூரை, கவிழ்த்துப் போட்ட கப்பலின் அடிவயிறு போல. கோயில் போயிற்று, களஞ்சியம் நின்றது; பயன்படுகிற கட்டடம் பிழைக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. பெரிய பீடத்தைச் சுற்றி நின்ற தூண்களின் செதுக்கிய தலைப்புகள், இடிபாட்டில் தப்பியவை, இப்போது அந்தக் களஞ்சியத்தில் இருக்கின்றன. இரண்டு தலைப்புகளில் அக்காலத் தேவாலய இசையின் எட்டு முறைகளையும் எட்டு உருவங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒருவன் தந்தி வாத்தியம் ஒன்றை மீட்டிக் கொண்டு குனிந்திருக்கிறான். அவன் வாசிப்பைக் கேட்ட கோயில் இல்லை, அவன் நிறுத்தவில்லை.

1928-ல் கென்னத் கானன்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வந்து மண்ணைத் தோண்டத் தொடங்கினார். நடுவில் ஓர் உலக மகா யுத்தம் வந்து போயிற்று. 1950 வரை அந்த ஆராய்ச்சி தொடர்ந்தது. அஸ்திவாரத்தைக் கண்டுபிடித்து அளந்து, இல்லாத கோயிலைக் காகிதத்தில் மறுபடி கட்டிக் காட்டினார். இடித்தவர்களுக்குப் பிடித்தது இருபத்தைந்து ஆண்டு. காகிதத்தில் கட்டியவருக்கும் ஏறக்குறைய அவ்வளவே.

பண்ணைகளிலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சில மைல் தூரத்தில் பெர்ஸே என்னும் கிராமத்தில் குளூனிக்கு ஒரு பண்ணை வீடு இருந்தது. முதிய வயதில் ஹியூகோ அங்கே போய்த் தங்குவார். அங்குள்ள சிறு கோயிலும் புரட்சியில் விலை போயிற்று. 1887-ல் சுவரின் சுண்ணாம்புப் பூச்சைச் சுரண்டியபோது, உள்ளே பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சித்திரங்கள் வர்ணம் கலையாமல் இருக்கக் கண்டார்கள். நடுவில் கிறிஸ்து, சுற்றிலும் சீடர்கள். 1947-ல் ஜோன் எவன்ஸ் என்ற ஆங்கிலக் கலை அறிஞர் அந்தக் கோயிலை விலைக்கு வாங்கி, மாக்கோன் நகரத்து அறிஞர் கழகத்துக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். பெரிய கோயிலை விலைக்கு வாங்கி இடித்தவர்களும் மாக்கோன் நகரத்தார். சிறு கோயிலைக் காக்கும் பொறுப்பு வந்து சேர்ந்ததும் அதே மாக்கோனுக்கு. வாங்குவது என்ற ஒரே செயலில்தான் எத்தனை பேதம்!

குளூனியில் இன்று மணியடித்து இறந்தவர் பட்டியலை வாசிக்கத் துறவிகள் இல்லை. ஒரு நாளைக்கு ஐம்பது ஏழைகளுக்குச் சோறு இல்லை. சாபமும் நூறு ராத்தல் தங்க அபராதமும் மடத்தைக் காக்கவில்லை. காசு கொடுத்தவர்களின் பெயர்கள் பதிந்த கல் எல்லாம் யார் யார் வீட்டுச் சுவரிலோ இருக்கிறது.

காசு கொடுக்காதவர்களுக்காக ஏற்பட்ட நாள் மட்டும் நிற்கிறது. அதை ஏலம் போட முடியவில்லை. வண்டியில் ஏற்ற முடியவில்லை. புதுச்சேரிக் கல்லறைத் தோட்டத்தில் அந்தக் கிழவி ஏற்றிய மெழுகுவத்தி, நான் திரும்பி வரும்போதும் எரிந்து கொண்டிருந்தது. காற்று பலமாக அடித்தது. அவள் போவதற்கு முன்னால், பக்கத்தில் கிடந்த உடைந்த கல் ஒன்றை எடுத்துக் காற்றுக்கு மறைவாக வைத்துவிட்டுப் போயிருந்தாள்.